முதல் எட்டு நகர்வுகளை ஆடியது யார்? செஸ் என்ஜின் போட்டிகளின் கதை

செஸ் ஆடும் கணினி நிரல்களை என்ஜின் என்பார்கள். அவற்றுக்கான டி.சி.இ.சி. போட்டியின் பதினான்காம் பருவம் 2019 பிப்ரவரியில் முடிந்தது; அதன் இறுதிச் சுற்றில் ஸ்டாக்ஃபிஷ், லீலா என்ற இரண்டு என்ஜின்கள் 100 ஆட்டங்கள் ஆடின. ஸ்டாக்ஃபிஷ் 10 ஆட்டங்களில் வென்றது. லீலா 9 ஆட்டங்களில் வென்றது. மீதி 81 ஆட்டங்களும் டிரா. 50.5க்கு 49.5 என்ற கணக்கில் பட்டம் ஸ்டாக்ஃபிஷுக்குப் போனது.

அந்த நூறு ஆட்டங்களில் ஒன்றைக்கூட இரண்டு என்ஜின்களும் முதல் நகர்விலிருந்து தாங்களே ஆடவில்லை. ஐம்பது தொடக்கங்களை ஒரு மனிதர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். திரையில் ஆட்டம் தொடங்கும்போதே பலகையில் பல நகர்வுகள் ஆடி முடிக்கப்பட்டிருக்கும், கடிகாரம் அதன் பிறகுதான் ஓடத் தொடங்கும். ஒரே தொடக்கம் இரண்டு முறை வரும். முதல் முறை ஓர் என்ஜினுக்கு வெள்ளைக் காய், அடுத்த முறை மற்றதற்கு.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்ற பிறகு ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகளிடையே செஸ் பேச்சு கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் வகுப்பு முடிந்து வருகிற பையன்கள் டீக்கடை மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு என்ஜின் ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். பக்கத்து மேசையில் பர்மியச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இரண்டும் மகா கெட்டிக்கார இயந்திரங்கள் என்கிறாய். பிறகு முதல் எட்டு நகர்வுகளை மட்டும் வேறொருவர் ஆடிக்கொடுப்பானேன்?"

நியாயமான கேள்விதான். பார்ப்பதற்கு இது விறுவிறுப்புக்காகச் செய்த வித்தைபோலத்தான் தோன்றும். சிலர் அப்படியே எழுதவும் செய்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தொடக்கத்தைக் கட்டாயமாக்குவது அலங்காரம் அல்ல, அளவுகோல். ஆனால் அந்த அளவுகோலைச் செய்கிற கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

இந்த வழக்கம் கணினியோடு பிறந்ததில்லை. 1903இல் வியன்னாவில் நடந்த போட்டியில் பத்துப் பேர் ஆடினார்கள். எல்லா ஆட்டமும் கிங்ஸ் கேம்பிட்டில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. வெள்ளை இரண்டாம் நகர்விலேயே ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை நீட்டிக் கொடுக்க வேண்டும், கறுப்பு அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு முறை மோதினார்கள், ஒருமுறை வெள்ளையில், ஒருமுறை கறுப்பில். ரஷ்யாவின் சிகோரின் வென்றார். 1912இல் அப்பாசியா என்ற கடற்கரை ஊரில் இதே விதியோடு நடந்த இன்னொரு போட்டியை ஸ்பீல்மான் வென்றார். நூற்றாண்டுக்கு முந்தைய அந்தப் போட்டிகளுக்கும் இன்றைய என்ஜின் போட்டிகளுக்கும் சட்டகம் ஒன்றுதான். மாறியிருப்பது காரணம். அன்றைக்குப் பழைய வீர ஆட்டத்தின் மேல் இருந்த காதலால் செய்தார்கள். இன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்கிறார்கள்.

வேறு வழியில்லாத நிலை முதலில் வந்தது செஸ்ஸுக்கு அல்ல, அதன் தம்பியான செக்கர்ஸ் ஆட்டத்துக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதன் முதல்தர ஆட்டக்காரர்கள் ஒரே தொடக்கத்தை ஆடி டிராவுக்கு மேல் டிரா செய்து பார்ப்பவர்களை வெறுப்பேற்றினார்கள். அதற்கு மருந்தாக முதல் சில நகர்வுகளைச் சீட்டுப் போட்டு எடுக்கும் வழக்கம் வந்தது. 1934இல் அமெரிக்கப் போட்டிகள் மூன்று நகர்வுச் சீட்டை ஏற்றுக்கொண்டன. சீட்டில் வருகிற தொடக்கம் ஒருவருக்குக் கொடுமையாக இருக்கலாம். அதனால்தான் இருவரும் இரண்டு பக்கமும் ஆட வேண்டும் என்று வைத்தார்கள். முற்றிலும் தோற்றுப்போகிற தொடக்கங்கள் சீட்டுக் கட்டிலிருந்தே நீக்கப்பட்டன. 2007இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஷேஃபர் குழு, இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் செக்கர்ஸ் டிராவில்தான் முடியும் என்று கணினியால் நிறுவியது. செஸ்ஸுக்கு அப்படி ஒரு நிரூபணம் இல்லை. ஆனால் பெரிய என்ஜின்களின் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களில் அதன் முடிவும் டிராதான் என்று நம்பாதவர்கள் குறைவு.

மனிதர்களே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் மோதிய உலகப் பட்டப் போட்டியில் பன்னிரண்டு நீண்ட ஆட்டங்களும் டிரா. மனிதருக்காவது களைப்பு உண்டு, பதற்றம் உண்டு, மனைவியோடு சண்டை உண்டு. என்ஜினுக்கு அதெல்லாம் கிடையாது.

இனி கணினியின் பக்கம் வருவோம். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு தொடக்கப் புத்தகம் வைத்திருந்தது. எந்த நிலையில் எந்த நகர்வு ஆட வேண்டும் என்று மனிதர்கள் தயாரித்துக் கொடுத்த பட்டியல் அது. புத்தகம் நீடிக்கும்வரை இயந்திரம் யோசிக்காது, பட்டியலைப் பார்த்து ஆடும். இதன் விளைவு 1997 மே 11 அன்று உலகமே பார்க்கும்படி வெளிப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணினியோடு ஆறாம் ஆட்டத்தில் மோதிய அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவ் காரோ-கான் தற்காப்பு என்ற தொடக்கத்தை ஆடினார். இயந்திரம் எட்டாம் நகர்வில் குதிரையைப் பலி கொடுத்தது. பத்தொன்பது நகர்வுகளில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். 3.5க்கு 2.5 என்று போட்டியும் போயிற்று. இயந்திரம் பலி கொடுக்கத் துணிந்ததைப் பார்த்து உலகம் வாய் பிளந்தது. அந்தக் குதிரைப் பலி இயந்திரம் கணக்கிட்டுக் கண்டுபிடித்தது அல்ல, அதன் புத்தகத்தில் மனிதர்கள் எழுதி வைத்திருந்தது. ஆக, அந்த நகர்வுக்குக் கைதட்ட வேண்டியது யாருக்கு?

1974இல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகக் கணினி செஸ் போட்டி நடந்து, சோவியத் நாட்டின் கைசா வென்ற காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருந்துகொண்டிருந்தது. போகப்போகப் புத்தகம் தயாரிப்பதே தனித் தொழிலாயிற்று. எதிராளி நிரல் வழக்கமாக ஆடும் தொடக்கத்தைக் கண்டுபிடித்து, அதில் இருபதாம் நகர்வில் ஒரு குழியைத் தோண்டி வைப்பார்கள். பலமான நிரல் அதில் போய் விழும். வென்றது நிரலா, புத்தகக்காரரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு மாற்றாக 1990களில் இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் பத்துத் தொடக்க நிலைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இரண்டு நிரல்களும் தங்கள் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு, அந்தப் பத்து நிலைகளையும் நிறம் மாற்றி ஆட வேண்டும். இன்றைய முறையின் நேரடி முன்னோடி அதுதான்.

2010இல் நார்வேயின் மார்ட்டின் தோரெசன் தொடங்கிய டி.சி.இ.சி. இதையே பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. பல பருவங்களுக்கு அதன் தொடக்கங்களைத் தேர்ந்தெடுத்தவர் நெதர்லாந்தின் ஜெரூன் நூமன். அவர் யார் என்று பார்த்தால் சுவாரசியம் கூடும். ரெபெல், ரிப்கா முதலிய நிரல்களுக்குப் புத்தகம் தயாரித்துக் கொடுத்தவர் அவர். ஒரு கட்சிக்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தவரையே நடுவராக உட்காரவைத்தாயிற்று. குழி எங்கே இருக்கும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டதால் மட்டும் பிரச்சினை தீராது. இரண்டு என்ஜின்களையும் ஆரம்ப நிலையிலிருந்து சும்மா ஆடவிட்டால், விரும்பியதையே திரும்பத் திரும்ப ஆடும். நூறு ஆட்டம் ஆடினாலும் நான்கைந்து பாதைகளில்தான் சுற்றும். முடிவு பெரும்பாலும் டிரா. ஆகவே தொடக்கத்தை நாம் கொடுக்க வேண்டும். எப்படிப்பட்ட தொடக்கம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று தொடக்கங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது பெர்லின் தற்காப்பு. 2000இல் லண்டனில் கிராம்னிக் இதை ஒரு சுவராக எழுப்பித்தான் காஸ்பரோவிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். இதன் முக்கியக் கிளையில் எட்டாம் நகர்விலேயே இரண்டு ராணிகளும் பலகையைவிட்டுப் போய்விடும். பெரிய என்ஜின்களிடம் இதைக் கொடுத்தால் முதல் ஆட்டம் டிரா, நிறம் மாற்றிய ஆட்டமும் டிரா. கணக்கு 1-1.

இரண்டாவது லாட்வியன் கேம்பிட். கறுப்பு இரண்டாம் நகர்விலேயே ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை முன்னே தள்ளித் தன் ராஜாவின் கதவைத் தானே திறந்து வைக்கும். மனிதர்களிடையே இதை வைத்து எத்தனையோ பேரை ஏமாற்றலாம். என்ஜினிடம் நடக்காது. வெள்ளை யாரோ அவர் பெரும்பாலும் வெல்வார். முதல் ஆட்டத்தில் ஒரு வெற்றி, நிறம் மாற்றிய ஆட்டத்தில் மற்றதற்கு ஒரு வெற்றி. இரண்டு ஆட்டங்களிலும் பலகை அதிர்ந்திருக்கும், ராஜா ஓட ஓட விரட்டப்பட்டிருக்கும். கணக்கு என்னவோ அதே 1-1. பெர்லினில் தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்த அதே இடம்.

மூன்றாவதாகக் கிங்ஸ் இண்டியன் தற்காப்பின் சில கிளைகள். வெள்ளை நடுப்பலகையை அடைத்துக்கொண்டு நிற்கும். கறுப்புக்கு இடம் குறைவு, ஆனாலும் மூச்சு விட வழி உண்டு. வெள்ளை வெல்லுமா, கறுப்பு தாக்குப்பிடிக்குமா என்று சொல்ல முடியாது. இங்கேதான் ஓர் என்ஜின் வெள்ளையில் வென்றுவிட்டு, அதே நிலையைக் கறுப்பில் காப்பாற்றியும் காட்ட முடியும். அப்போது கணக்கு 1.5-0.5. அந்த அரைப் புள்ளி விலகல்தான் போட்டி தேடிக்கொண்டிருக்கும் செய்தி.

இதை எண்ணாலும் பார்க்கலாம். சமபலமுள்ள இரண்டு என்ஜின்கள், கறுப்பு ஒருபோதும் வெல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு 5 சதவீதம் வெற்றி வாய்ப்பு தரும் தொடக்கத்தில், நூறு ஜோடி ஆட்டங்களில் ஒன்பது பத்து ஜோடிகள் மட்டுமே 1-1 அல்லாமல் முடியும். 95 சதவீதம் தரும் தொடக்கத்திலும் அதே ஒன்பது பத்துதான். சரியாக 50 சதவீதம் தரும் தொடக்கத்தில் ஐம்பது ஜோடிகள் பிரிந்துவிடும். மாணவர் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்குகிற தேர்வுத்தாளும், எல்லோரும் பூஜ்யம் வாங்குகிற தேர்வுத்தாளும் ஆசிரியருக்கு ஒன்றையே சொல்கின்றன, அதாவது ஒன்றையும் சொல்வதில்லை.

ஆகவே நல்ல தொடக்கம் என்பது செஸ் புத்தகங்கள் பாராட்டுகிற தொடக்கம் அல்ல. வெற்றிக்கும் டிராவுக்கும் நடுவே வரப்பின் மேல் நிற்கிற நிலைதான் நல்ல தொடக்கம். ஸ்டாக்ஃபிஷ் தன் மதிப்பெண்ணையே இதற்கேற்ப மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் திரையில் +1 என்று வந்தால் ஒரு சிப்பாய் அளவுக்கு மேல் கை என்று பொருள் சொல்வார்கள். 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து, தனக்குச் சமமான எதிராளிக்கு எதிராகப் பாதி ஆட்டங்களில் வெல்லக்கூடிய நிலை என்பதே +1இன் பொருள். கைப்பேசியில் ஆட்டத்தை அலசும் பையன்கள் இதைக் கவனித்தால் நல்லது. +1 என்று பார்த்தவுடன் 'வெள்ளை ஜெயித்துவிட்டது' என்று கூவுகிறார்கள். அந்த எண் சொல்வது பாதிக்குப் பாதி என்பதைத்தான்.

ஸ்டாக்ஃபிஷை வளர்ப்பதே இந்த வரப்பு நிலைகளை நம்பித்தான். 2008இல் தோர்ட் ரோம்ஸ்டாட், மார்கோ கோஸ்டால்பா, ஜூனா கிஸ்கி ஆகியோர் கைகளில் உருவான நிரல் அது. 2013இல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைக் களத்தை அமைத்தார். உலகெங்கும் தொண்டர்கள் தங்கள் கணினி நேரத்தைக் கொடையாகத் தருகிறார்கள். யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றினால், பழைய ஸ்டாக்ஃபிஷும் புதிய ஸ்டாக்ஃபிஷும் பல்லாயிரம் ஆட்டங்கள் மோதிய பிறகே அந்த மாற்றம் ஏற்கப்படும். ஒரு ஜோடி ஆட்டத்தின் மொத்தப் புள்ளி 0, 0.5, 1, 1.5, 2 என்று ஐந்து விதமாக வரலாம். தனித்தனி ஆட்டத்தை அல்ல, இந்த ஐந்து விதங்களையும் எண்ணித்தான் அங்கே தீர்ப்பு. தொடக்கங்களுக்கு ஜெர்மனியின் ஸ்டெஃபன் போல் தொகுத்த வகையைப் பயன்படுத்துகிறார்கள். மனிதர்கள் உண்மையாகவே ஆடிய ஆட்டங்களிலிருந்து, வெள்ளைக்கு ஓரளவு மேல் கை இருக்கிற நிலைகளைப் பொறுக்கி எடுத்தது அது. வலிந்து உண்டாக்கிய கோணல் அல்ல, மனிதர் தாமாகவே போய் நின்ற கோணல்.

இனி, தேர்ந்தெடுப்பவரின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் முடிந்த அடுத்த பருவத்தில் அதே இரண்டு என்ஜின்கள் மோதி, இந்த முறை லீலா 53.5க்கு 46.5 என்று வென்றது. அன்றைய லீலா நரம்பணு வலையமைப்பால் நிலையை எடைபோடும் என்ஜின். பலகை அடைபட்டு, மெல்ல மெல்ல இறுக்க வேண்டிய நிலைகளில் அதற்குக் கை தேர்ந்திருந்தது. ஸ்டாக்ஃபிஷ் அன்று கோடிக்கணக்கான நிலைகளைத் துருவித் தேடுவதை நம்பிய என்ஜின். காய்கள் முட்டி மோதும் திறந்த நிலைகளில் அதை ஏமாற்றுவது கடினம். அடைபட்ட தொடக்கங்கள் ஐம்பதில் முப்பது இருந்தால் ஒரு முடிவும், இருபது இருந்தால் வேறு முடிவும் வந்திருக்கலாம் அல்லவா? 2020இல் ஸ்டாக்ஃபிஷ் தானும் ஒரு சிறு வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018இல் வகுத்த உத்தி அது. அதன் பிறகு இந்த வேறுபாடு மங்கிவிட்டது. ஆனாலும் கேள்வி போகவில்லை. தொடக்கங்களைப் பொறுக்குகிறவர் மூன்றாவது ஆட்டக்காரர். அவர் யார் பக்கமும் சாயாமல் இருக்கலாம், நூமன் சாய்ந்ததாக நானும் சொல்லவில்லை. சாயாத கையும் தராசில் எதையோ வைக்கத்தான் செய்கிறது.

தொடக்கங்களைப் போட்டிக்கு முன் ரகசியமாக வைப்பது இதனால்தான். முன்னதாகத் தெரிந்தால் நிரல் எழுதுகிறவர் அந்த ஐம்பது நிலைகளுக்கு மட்டும் தன் என்ஜினைப் பழக்கிவிடலாம். பிறகு பழைய புத்தகக்காரர் காலம் பின்வாசல் வழியாகத் திரும்பிவிடும்.

கோணல் தொடக்கங்களால் இன்னொரு விளைவும் உண்டு. ஆடுகிறவரின் பலத்தைக் காட்டும் தரப்புள்ளிகளின் இடைவெளி விரியும். சமநிலைத் தொடக்கங்களில் ஆடினால் டிராவுக்குள் ஒளிந்துகொள்ளும் பலவீனமான என்ஜின், வரப்பு நிலைகளில் அம்பலப்படும். அதே இரண்டு என்ஜின்களுக்கு இந்தத் தொடக்கப் பட்டியலில் ஒரு வித்தியாசம், அந்தத் தொடக்கப் பட்டியலில் வேறு வித்தியாசம். எனவே என்ஜினுக்கு 3,600 புள்ளி, குகேஷுக்கு 2,700 சொச்சம் என்று அருகருகே எழுதி ஒப்பிடுவது வீண் வேலை. அவர்கள் ஒரே களத்தில் ஆடி அந்தப் புள்ளிகளைச் சேர்க்கவில்லை. தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிற கூட்டத்தின் புள்ளிகள் வெளியுலகில் என்ன பெறும் என்று சொல்ல முடியாது என்பது பர்மாவில் இருக்கிற நமக்குப் புதிதல்ல. 1990களின் கடைசியில் இந்த நாட்டு ஆட்டக்காரர் பலர் திடீரென்று மிக உயர்ந்த தரப்புள்ளிகளோடு உலகப் பட்டியலில் தோன்றியபோது, உள்நாட்டுப் போட்டிகளிலேயே பெருகிய புள்ளிகள் அவை என்று சர்ச்சை எழுந்தது.

தொடக்கத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் தன் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் ஸ்டாக்ஃபிஷ் 8ஐ நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று முறியடித்ததாக அறிவித்தது. ஆட்டங்கள் அழகானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாம் ஆரம்ப நிலையிலிருந்து. ஸ்டாக்ஃபிஷுக்குத் தொடக்கப் புத்தகம் கிடையாது, நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று நேரமும் கட்டிப்போடப்பட்டது. கணினி செஸ் உலகம் கொதித்தது. அடுத்த ஆண்டு சயன்ஸ் ஆய்விதழில் வந்த முழுக் கட்டுரையில் ஆயிரம் ஆட்டங்கள் கொண்ட புதிய போட்டியைக் காட்டினார்கள். 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா. அதோடு நிற்காமல், மனிதர் அதிகம் ஆடும் தொடக்கங்களிலிருந்தும், டி.சி.இ.சி. பயன்படுத்திய தொடக்கங்களிலிருந்தும் தனியாக ஆடவிட்டு அவற்றிலும் ஆல்ஃபாஸீரோ வென்றதைக் காட்டினார்கள். தொடக்கம் விதிக்கப்பட்ட களத்தில் வென்றால்தான் உலகம் நம்பும் என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

தொடக்கத்தைப் பற்றி உலகத்துக்கு இருக்கும் ஆர்வத்தை வைத்துக் கேலியும் செய்திருக்கிறார்கள். 2012 ஏப்ரலில் செஸ்பேஸ் தளத்தில், ரிப்காவை எழுதிய வாசிக் ராஜ்லிக் பெரும் கணினிப் பட்டாளத்தைக் கொண்டு கிங்ஸ் கேம்பிட்டை முழுமையாகத் தீர்த்துவிட்டார் என்று ஒரு பேட்டி வந்தது. பலர் நம்பினார்கள். முட்டாள்கள் தின விளையாட்டு அது. அவ்வளவு பெரிய கணக்கை முடிக்க இன்றைய கணினிகளாலும் ஆகாது.

டீக்கடைப் பெரியவர் ஆடிக்கொண்டிருந்த பர்மியச் சதுரங்கம், சிட்டுயின், இந்த விவகாரத்துக்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. 2013இல் மியன்மாரில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் செஸ் பிரிவில் அதற்கும் இடம் கொடுத்தார்கள். எட்டுக்கு எட்டுப் பலகைதான், மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடுகள் கூடுதலாக இருக்கும். சிவப்பு, கறுப்பு மரக் காய்கள். ஆட்டம் தொடங்கும்போது பலகையில் சிப்பாய்கள் மட்டும் நிற்கும். ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் நான்கு மூன்றாம் வரிசையில், வலப்பக்கம் நான்கு நான்காம் வரிசையில். மற்ற எட்டுக் காய்களும் கையில். ராஜா, தளபதி, இரண்டு யானை, இரண்டு குதிரை, இரண்டு தேர். இவற்றைத் தன் சிப்பாய்களுக்குப் பின்னால் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தேர் மட்டும் கடைசி வரிசையைத் தாண்டக் கூடாது. சிவப்பு முதலில் அடுக்கும், கறுப்பு அதைப் பார்த்துவிட்டு அடுக்கும். சில இடங்களில் ஒருவர் அடுக்குவது மற்றவருக்குத் தெரியாமல் நடுவில் சிறு திரை கட்டுவதும் உண்டு.

அதாவது, மேலைச் செஸ்ஸில் தொடக்கம் நினைவாற்றலின் வேலையாகிப் போய்விட்டது. அதைப் பிடுங்கிக்கொண்டால் ஆட்டத்துக்கு நட்டமில்லை, லாபம்கூட. சிட்டுயினில் தொடக்கம்தான் யோசனையின் மையம். எதிராளியின் தேர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, நம் தேரை அதற்கு நேரே வைப்பதா, விலக்கி வைப்பதா என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் என்ற கிளை நிரல் சிட்டுயினையும் ஆடுகிறது. காய் அடுக்குவதையும் ஒவ்வொரு நகர்வாகவே அது எடுத்துக்கொள்கிறது. இரண்டு சிட்டுயின் என்ஜின்களை மோதவிட்டு, செஸ்ஸைப் போலவே அடுக்கை நாமே விதித்துவிட்டால் என்ன ஆகும்? கணக்கு சுத்தமாக வரும், நிறம் மாற்றி ஆடவும் வைக்கலாம். ஆனால் அளந்தது சிட்டுயின் ஆகாது, அதன் பின்பாதி மட்டும்தான். பெரியவர் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தொடக்கத்தை விதிப்பது எல்லாச் சதுரங்கத்துக்கும் பொருந்துகிற நியாயம் அல்ல. தொடக்கம் எங்கே செத்துப்போய்விட்டதோ அங்கே மட்டும் பொருந்தும்.

இதையெல்லாம் படிப்பதைவிட வீட்டில் செய்து பார்ப்பது சுலபம். கியூட் செஸ் என்ற இலவச நிரல் இரண்டு என்ஜின்களை மோதவிடும். பழைய மடிக்கணினியே போதும். ஸ்டாக்ஃபிஷின் புதிய பதிப்பு ஒன்று, சில ஆண்டுகள் பழைய பதிப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தொடக்கங்களை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடச் சொல்லலாம். நேரம் ஆட்டத்துக்கு 10 விநாடி, நகர்வுக்கு 0.1 விநாடி கூடுதல். ஃபிஷ்டெஸ்டின் விரைவுச் சோதனைக்கும் இதே நேரம்தான். இந்த வேகத்தில் ஓர் ஆட்டம் அரை நிமிடம் அளவுக்குத்தான் ஓடும். இருபது ஆட்டங்களும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரங்கூனில் முறைவைத்து மின்சாரம் வருகிற நேரத்துக்குள் தாராளமாக முடித்துவிடலாம். இடையில் மின்சாரம் போய்க் கணினி பேட்டரிக்கு மாறினால் அதன் வேகம் குறையும். அதனால் ஒரு ஜோடியின் இரண்டு ஆட்டங்களும் ஒரே நிலைமையில் நடந்தனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த ஜோடியைத் திரும்ப ஆடவிடுங்கள். எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் வசதியை இரண்டுக்கும் அணைத்துவிட வேண்டும், நினைவக அளவையும் ஒன்றாக வைக்க வேண்டும்.

முடிவு 11-9 என்று வந்தால் அதை நம்பிப் பந்தயம் கட்டிவிடாதீர்கள். இருபது ஆட்டம் எதையும் நிரூபிக்காது. நூறு ஆட்டமும் சிறிதுதான். 81 டிரா விழுந்த அந்த 2019 இறுதிச் சுற்றில், சமபலமுள்ள இரு என்ஜின்களுக்கும் தற்செயலாகவே 50இலிருந்து இரண்டு புள்ளி இப்படியோ அப்படியோ விலகுவது சகஜம். ஸ்டாக்ஃபிஷ் விலகியது அரைப் புள்ளி. பட்டம் பட்டம்தான், ஆனால் எது பலமானது என்ற கேள்விக்கு அந்த நூறு ஆட்டங்கள் விடை சொல்லவில்லை.

மொத்தப் புள்ளியைவிட ஜோடிகளைத் தனித்தனியாக எழுதிப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. இரண்டும் டிரா ஆன ஜோடிகளையும், வெள்ளையே இரண்டு முறையும் வென்ற ஜோடிகளையும் ஒதுக்கிவிடுங்கள். 1.5-0.5 என்று முடிந்த ஜோடி ஒன்றாவது கிடைக்கலாம். அதன் இரண்டு ஆட்டங்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நகர்வில் அவை பிரிந்தன என்று தேடுங்கள். ஒரே நிலையில் இரண்டு என்ஜின்களும் வெவ்வேறு நகர்வை ஆடியிருக்கும். பையன்களுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.